இணைப்பான்களின் வரலாறு: ஒளிர்ந்த எதிர்ப்பொருளும் நிழலில் நின்ற வேதியியலும்

(சற்று நீளமான பதிவு. அறிவியல் வரலாறு, உயிர்வேதியியல், மொழியியல் ஆகிய மூன்று துறை மாணவர்களையும் மனத்திற்கொண்டு எழுதியிருப்பதால், ஒவ்வொரு துறையினருக்கும் முன்பே தெரிந்த செய்திகள் சில இடையிடையே வரும். பொறுத்தருள்க.)

1. மறைந்து நிற்கும் இடைச்சொல்

உயிரியல் ஆய்வுக் கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் ஒரு வகைத் தொடரை அடிக்கடி காணலாம்: எதிர்ப்பொருள் ஒளிர்சாயத்தால் குறியிடப்பட்டது. எதிர்ப்பொருள் என்பது அயற்பொருளை அடையாளம் கண்டு பற்றிக்கொள்வதற்காக உடல் உருவாக்கும் புரதம். ஒளிர்சாயம் என்பது ஒரு நிற ஒளியை ஏற்று வேறொரு நிற ஒளியை உமிழும் கரிமச் சேர்மம். இவ்விரண்டும் தாமாகவே உறுதியாகப் பிணைந்துகொள்பவை அல்ல. யாரோ ஒருவர், ஏதோ ஒரு பொருளைக் கொண்டு, புரதத்தின் குறிப்பிட்ட இடத்தில் அச்சாயத்தைப் பிணைத்திருக்க வேண்டும். செயப்பாட்டுவினை அந்த 'யாரோ'வை மறைத்துவிடுகிறது. 'ஏதோ' என்பது அடைப்புக்குறிக்குள் ஒரு நிறுவனப் பெயராகவும் பட்டியல் எண்ணாகவும் சுருங்கிவிடுகிறது.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இந்நிலை புதிதன்று. 'மரம்' என்னும் பெயர் 'ஐ' உருபை ஏற்கும்போது 'மரத்தை' என்றாகிறது. இடையில் வந்த 'அத்து' சாரியை எனப்படும். அதற்கெனத் தனிப்பொருள் இல்லை. ஆயினும் அது இன்றி அந்தப் பெயரும் அந்த உருபும் சேர்வதில்லை. பொருளை மட்டும் நோக்கி வாசிப்பவர் கண்ணில் சாரியை படுவதே இல்லை. தொல்காப்பியம் இதனைப் புணரியலில் வகைப்படுத்தி விளக்குவதற்குக் காரணம், சேர்க்கை நிகழும் முறையை அறியாமல் சேர்ந்த சொல்லை அறிய முடியாது என்பதே.

உயிர்மூலக்கூறுகளைக் குறியிடவும் ஒன்றோடொன்று இணைக்கவும் பயன்படும் வேதிப்பொருள்கள் உயிரியலின் சாரியைகள் எனலாம். அவற்றின் வரலாற்றை ஒரு குறிப்பிட்ட கேள்வியுடன் இங்கே அணுகுகிறேன்: ஓர் அறிவியல் கருத்து எப்போது பரவுகிறது? கருத்தின் ஆழம் மட்டும் அதனைத் தீர்மானிப்பதில்லை. அதனைச் செயற்படுத்தும் இணைப்பானை எத்தனை பேரால் கையாள இயலும் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. ஒளிரும் எதிர்ப்பொருளின் கதை இதற்குத் தெளிவான சான்று.

2. டையசோ இணைப்பு: முதற்படி

புரதத்துடன் வேறொரு மூலக்கூறைத் திட்டமிட்டுப் பிணைக்கும் முறையைச் செல்வாக்குடன் நிறுவியவர் கார்ல் லாண்ட்ஸ்டைனர். இரத்த வகைகளைக் கண்டறிந்தமைக்காக 1930-இல் நோபல் பரிசு பெற்ற அவர், வியன்னாவில் 1917-18 ஆண்டுகளில் ஹான்ஸ் லாம்ப்லுடன் இணைந்து சாயத்தொழிலின் வினை ஒன்றைப் புரதத்தின்மீது செலுத்தினார். அரோமாட்டிக் அமீன் ஒன்றை டையசோனியம் உப்பாக மாற்றிப் புரதத்துடன் கலந்தால், அது டைரோசின், ஹிஸ்டிடின் முதலிய அமினோ அமிலங்களின் பக்கத்தொடர்களில் சென்று பிணைந்துகொள்ளும். துணிக்குச் சாயமேற்றிய வேதியியலே இங்கே புரதத்துக்கும் பயன்பட்டது.

இதன் விளைவு நோய் எதிர்ப்பியலின் அடித்தளங்களுள் ஒன்றாயிற்று. இவ்வாறு மாற்றப்பட்ட புரதத்தை விலங்கின் உடலில் செலுத்தினால், ஒட்டவைக்கப்பட்ட சிறு மூலக்கூறையே அடையாளம் காணும் எதிர்ப்பொருள்கள் தோன்றின. பென்சீன் வளையத்தில் ஒரு தொகுதி ஆர்த்தோ, மெட்டா, பாரா ஆகிய எந்த நிலையில் இருக்கிறது என்பதைக்கூட அவை வேறுபடுத்தி அறிந்தன. எதிர்ப்பொருளின் தனித்தேர்வுத் திறன் எவ்வளவு நுட்பமானது என்பது இவ்வாறு தெரியவந்தது. பாடநூல்கள் இம்முடிவை விரிவாகக் கூறும். டையசோ இணைப்பின்றி இக்கேள்வியை எழுப்பியிருக்கவே முடியாது என்பதை அவை ஒரு வரியில் கடந்துவிடும்.

1934-இல் பிரித்தானியரான ஜான் மரக், திசையை மாற்றினார். ஆன்டிஜெனுக்குப் பதிலாக எதிர்ப்பொருளின்மீதே ஒரு செஞ்சாயத்தை டையசோ வழியாகப் பிணைத்தார். டைபாய்டு, காலரா நுண்ணுயிரிகளுக்கு எதிரான அந்த எதிர்ப்பொருள்கள் உரிய நுண்ணுயிரிகளைப் பற்றியபோது அவையும் நிறம் பெற்றன. சாயத்தைச் சுமந்தபோதும் எதிர்ப்பொருள் தன் பணியை மறக்கவில்லை என்பது உறுதியாயிற்று. ஆனால் மெல்லிய திசுச் சீவலுக்குள் சிதறிக்கிடக்கும் சிறிதளவு ஆன்டிஜெனைக் கண்ணுக்குக் காட்ட அந்நிறம் போதவில்லை.

3. கூன்ஸின் கருத்தும் ஐசோசயனேட்டின் தடையும்

1939 கோடையில் ஆல்பர்ட் கூன்ஸ் என்னும் இளம் அமெரிக்க மருத்துவர் பெர்லினில் விடுமுறையைக் கழித்தார். கீல்வாதக் காய்ச்சலில் திசுக்களில் தோன்றும் சிறு முடிச்சுகள் அவருடைய சிந்தனையை ஈர்த்தன. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நுண்ணுயிரிக்கும் எதிர்ப்பொருளுக்கும் இடையிலான வினையே அம்முடிச்சுகளுக்குக் காரணம் என்று கருதப்பட்டது. அப்படியானால் அந்த ஆன்டிஜென் முடிச்சுக்குள் உண்மையில் இருக்கிறதா என்பதை நேரில் பார்த்தாலன்றி ஐயம் தீராது. எதிர்ப்பொருளின்மீது கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளத்தைக் கட்டி அனுப்பினால், அது ஆன்டிஜென் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பது அவர் கருத்து.

ஹார்வர்டுக்குத் திரும்பிய கூன்ஸ் வண்ணச் சாயங்களை விடுத்து ஒளிர்சாயங்களை நாடினார். இருளில் சிறு விளக்கும் தொலைவிலிருந்து தெரியும். பகலில் பெரிய கறையும் கண்ணுக்குத் தப்பும். அதே பல்கலைக்கழகத்தில் லூயிஸ் ஃபீசரின் வேதியியல் ஆய்வகத்தில் ஹியூ கிரீச், நார்மன் ஜோன்ஸ் ஆகியோர் ஆந்த்ரசீனின் ஐசோசயனேட்டுகளைப் புரதங்களுடன் பிணைத்துக்கொண்டிருந்தனர். அவர்களுடன் சேர்ந்து 1941-இல் கூன்ஸ் வெளியிட்ட முதற்கட்டுரையில், நிமோகாக்கஸ் நுண்ணுயிரிக்கு எதிரான எதிர்ப்பொருள் புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிர்ந்தது. ஆயினும் விலங்குத் திசுக்களும் புற ஊதா ஒளியில் இயல்பாகவே நீலநிறமாக ஒளிர்வன. எனவே பச்சையாக ஒளிரும் ஃபுளோரசீன் தேர்ந்தெடுக்கப்பட்டது. எர்ன்ஸ்ட் பெர்லினரும் இணைந்த 1942-ஆம் ஆண்டுக் கட்டுரையில், நோயுற்ற விலங்கின் திசுவுக்குள் நிமோகாக்கஸ் ஆன்டிஜென் இருக்கும் இடம் பச்சை ஒளியாகத் தெரிந்தது. இன்றைய உயிரியலின் இன்றியமையாத கண்களுள் ஒன்று அவ்வாறு திறந்தது.

திறந்த கண்ணால் உடனே பலர் பார்த்தார்களா என்றால், இல்லை. கூன்ஸ் படைப்பணிக்குச் சென்றார். ஒளிர்வு நுண்ணோக்கிகள் அரியனவாக இருந்தன. இவை உண்மையான காரணங்களே. ஆனால் போர் முடிந்து, 1950-இல் மெல்வின் காப்லனுடன் கூன்ஸ் முறையை மேம்படுத்தி வெளியிட்ட பின்னரும் பரவல் மெதுவாகவே இருந்தது. அதற்கான காரணம் இணைப்பானுக்குள் இருந்தது.

ஃபுளோரசீன் ஐசோசயனேட்டைப் பெற, அமீன் தொகுதி கொண்ட ஃபுளோரசீனைப் பாஸ்ஜீனுடன் வினைபுரியச் செய்ய வேண்டும். பாஸ்ஜீன் முதல் உலகப்போரில் நச்சுவாயுவாகப் பயன்பட்டது. விளைந்த ஐசோசயனேட்டோ நீருடன் விரைவாக வினைபுரிந்து கெட்டுவிடும். காற்றிலுள்ள ஈரமே போதும். ஐசோசயனேட் என்னும் சொல் இந்திய வாசகர்க்கு 1984 டிசம்பர் மாதப் போபாலை நினைவூட்டாமல் இராது. அங்கே இருந்தது மீத்தைல் ஐசோசயனேட் என்னும் வேறு சேர்மம். ஆனால் தொட்டிக்குள் புகுந்த நீருடன் அது கொண்ட வினையின் அடிப்படை, இவ்வேதித்தொகுதியின் அதே பண்புதான். புரதத்தின் அமீனைத் தேடிச் சென்று பிணையும் ஆற்றலும், நீரைக் கண்டால் கெடும் இயல்பும் இங்கே ஒரே வேதித்தன்மையின் இரு முகங்கள்.

ஆகவே ஒளிரும் எதிர்ப்பொருளைச் செய்ய விரும்பிய மருத்துவ ஆய்வகம் முதலில் ஒரு கரிம வேதியியல் ஆய்வகமாக இருக்க வேண்டியிருந்தது. நச்சுவாயுவைக் கையாளத் தெரிந்தவரும் அதற்குரிய வசதியும் தேவைப்பட்டன. கருத்து அச்சில் எல்லோருக்கும் கிடைத்தது. கருவி சிலருக்கே கிடைத்தது.

4. கான்சாஸ், 1958: ஓர் அணு மாற்றம்

இத்தடையை நீக்கியவர்கள் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர். அங்கே நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தவர் கோரா டவுன்ஸ். துலரீமியா என்னும் நோயைப் பல்லாண்டு ஆராய்ந்தவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கேம்ப் டெட்ரிக்கில் பணிபுரிந்தவர். நோய்க்கிருமிகளை விரைவாக அடையாளம் காண ஒளிரும் எதிர்ப்பொருள் அவருக்குத் தேவைப்பட்டது. அவர் நாடியது அதே பல்கலைக்கழகத்தின் மருந்து வேதியியலாளரான ஜோசப் பர்க்கால்டரை. மலேரியா மருந்தான அமோடயாகுவின் உருவாக்கத்தில் பங்காற்றியவர் அவர். பர்க்கால்டருடன் ராபர்ட் சீவால்டும், டவுன்ஸிடம் பயின்ற ரிக்ஸும் இப்பணியில் இணைந்தனர்.

அவர்கள் கண்ட தீர்வு கேட்பதற்கு எளியது. ஐசோசயனேட் தொகுதியிலுள்ள ஆக்சிஜன் அணுவின் இடத்தில் கந்தக அணுவை வைத்தனர். விளைந்தது ஃபுளோரசீன் ஐசோதயோசயனேட். இன்று உலகெங்கும் எஃப்.ஐ.டி.சி. என்னும் சுருக்கப் பெயரால் அறியப்படுவது. ஐசோதயோசயனேட் புரதத்தின் அமீனுடன் பிணையும் என்பது புதிய செய்தியன்று. 1950-இல் பேர் எட்மன் புரதத்தின் அமினோ அமில வரிசையைக் கண்டறியும் முறையை ஃபீனைல் ஐசோதயோசயனேட்டைக் கொண்டே அமைத்திருந்தார். எனினும் அதன் வினைத்திறன் சற்றே தணிந்தது என்பதுதான் இங்கே முக்கியம். நீரைக் கண்டவுடன் அது கெடுவதில்லை. உலர்ந்த தூளாகக் குப்பியில் வைத்திருக்கலாம். சற்றுக் காரத்தன்மை கொண்ட, பி.எச். 9-ஐ ஒட்டிய கரைசலில் எதிர்ப்பொருளுடன் கலந்து வைத்தால், லைசினின் அமீன் தொகுதிகளில் பிணைந்து உறுதியான தயோயூரியாப் பிணைப்பை உருவாக்கும். எஞ்சிய சாயத்தை வடித்து நீக்கினால் வேலை முடிந்தது.

1958-இல் வெளியான அவர்களுடைய கட்டுரை, செந்நிறமாக ஒளிரும் ரோடமைனின் ஐசோதயோசயனேட்டையும் உடன் அறிமுகப்படுத்தியது. ஒரே திசுவில் இரு பொருள்களை இரு நிறங்களில் பார்க்கும் வாய்ப்பு அதனால் உருவாயிற்று. வேதியியலாளர் இருவர் பெயரிலும் 1960-இல் காப்புரிமை வழங்கப்பட்டது.

அதற்குப் பின்னர் நிகழ்ந்தது விரைவான பரவல். மருத்துவமனை ஆய்வகம் ஒன்று பாஸ்ஜீனைத் தொடாமலே ஒளிரும் எதிர்ப்பொருளைச் செய்துகொள்ளலாம். செய்து விற்கவும் நிறுவனங்கள் தோன்றின. ஃபுளோரசீனுக்கு உகந்த ஒளி ஏறத்தாழ 495 நானோமீட்டர். பிற்காலத்தில் செல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பிரிக்கும் ஓட்ட அளவியல் கருவிகளில் ஆர்கன் லேசரின் 488 நானோமீட்டர்க் கதிர் வழக்கமானபோது, இச்சாயம் அதற்கு மிகப் பொருத்தமாக அமைந்தது. பின்வந்த பல புதிய சாயங்களும் அதே அலைநீளத்துக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டன.

இந்தியாவுக்கு இதன் பொருள் என்ன என்பதை வெறிநாய்க்கடி நோயின் வழியே உணரலாம். இறந்த விலங்கின் மூளைத் திசுவில், 1903-இல் அடெல்கி நெக்ரி கண்டறிந்த உள்ளடக்கத் துகள்களைச் சாயமேற்றித் தேடுவதே நெடுங்காலம் நோயறியும் வழியாக இருந்தது. நோயிருந்தும் அத்துகள்கள் தென்படாமற் போவதுண்டு. 1958-இல் கோல்ட்வாசரும் கிஸ்லிங்கும் ஒளிரும் எதிர்ப்பொருளால் வெறிநோய் வைரசைக் காட்டும் முறையை வெளியிட்டனர். எஃப்.ஐ.டி.சி. பிணைத்த எதிர்ப்பொருளைப் பயன்படுத்தும் அச்சோதனையே பின்னர் உலகளாவிய உரைகல்லாக ஏற்கப்பட்டது. கடித்த நாயின் மூளையில் பச்சை ஒளி தெரிகிறதா இல்லையா என்பதற்குப் பின்னால் கான்சாஸில் மாற்றப்பட்ட அந்த ஓர் அணு இருக்கிறது.

கூன்ஸுக்கு 1959-இல் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது. முற்றிலும் தகுதியான சிறப்பு. பர்க்கால்டரும் சீவால்டும் அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர் அவையில் இடம்பெற்றது 1995-இல். இந்த 36 ஆண்டு இடைவெளி கருத்துக்கும் கருவிக்கும் நாம் தரும் மதிப்பின் அளவுகோலாகத் தோன்றுகிறது. தேவையை உணர்ந்து வேதியியலாளரின் கதவைத் தட்டிய டவுன்ஸைப் பற்றியோ, கட்டுரையின் முதல் ஆசிரியரான ரிக்ஸைப் பற்றியோ பேசும் பாடநூல்களைக் காண்பது அரிது.

5. பெப்டைடு ஆய்விலிருந்து பெற்ற கடன்

இணைப்பான்களின் அடுத்த தலைமுறை, புரதங்களைக் குறியிடும் நோக்கத்தில் பிறக்கவில்லை. அமினோ அமிலங்களைக் கோத்துப் பெப்டைடுகளை உருவாக்க முயன்ற வேதியியலாளரிடமிருந்து அது கடனாக வந்தது. 1955-இல் ஜான் ஷீஹனும் ஜார்ஜ் ஹெஸ்ஸும் கார்போடைஇமைடைக் கொண்டு பெப்டைடுப் பிணைப்பை உருவாக்கினர். 1961-இல் ஷீஹன் குழுவினர் நீரில் கரையும் கார்போடைஇமைடை விவரித்தனர், இன்று இ.டி.சி. எனப்படுவது அதுவே. கார்பாக்சில் தொகுதியையும் அமீன் தொகுதியையும் அது நேரடியாகச் சேர்த்துவைத்துத் தான் விலகிவிடும். இலக்கணத்தில் மரம், வேர் என்பன புணர்ந்து 'மரவேர்' ஆகும்போது மகரம் கெடுவதுபோல, இங்கே ஒரு நீர் மூலக்கூறு கெடுகிறது; இடையில் புதிதாக எதுவும் நிற்பதில்லை. மற்ற பெரும்பாலான இணைப்பான்கள் தம் உடலின் ஒரு பகுதியை இடையில் விட்டுச்செல்வன. 'வாழைப்பழம்' என்பதன் இடையில் தோன்றிய பகரம் போன்றவை அவை.

1963-64 ஆண்டுகளில் நியூயார்க் மாநிலத்திலிருந்த லெடர்லே ஆய்வகத்தின் ஜார்ஜ் ஆண்டர்சன், ஜோன் சிம்மர்மன், பிரான்சிஸ் காலகன் ஆகிய மூவரும் ஹைட்ராக்சிசக்சினிமைடு எஸ்டர்களை அறிமுகப்படுத்தினர். இதே ஆய்வகத்தின் ஆராய்ச்சிக்கு முன்னர்த் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற யெல்லாப்பிரகட சுப்பாராவ் என்பதை நம் மாணவர்கள் அறிந்திருப்பது நன்று. என்.எச்.எஸ். எஸ்டர் என்று சுருக்கி வழங்கும் இவ்வெஸ்டர், நடுநிலையை ஒட்டிய பி.எச். அளவிலேயே அமீனுடன் வினைபுரிந்து உறுதியான அமைடுப் பிணைப்பைத் தரும். சாயம், பயோட்டின், மருந்து என எதையும் இத்தலையுடன் செய்துவைத்தால் புரதத்தில் ஏற்றலாம்.

இதன் பயன் 1973-இல் போல்டன், ஹண்டர் ஆகியோரின் பணியில் தெளிவாயிற்று. அதுவரை புரதத்தில் கதிரியக்க அயோடினை ஏற்ற, ஆக்சிஜனேற்றும் வேதிப்பொருளைப் புரதத்துடன் நேரடியாகக் கலந்தனர்; அது சில புரதங்களைச் சிதைத்தது. போல்டனும் ஹண்டரும் அயோடினை முதலில் ஒரு சிறிய என்.எச்.எஸ். எஸ்டரில் ஏற்றிவிட்டு, பின்னர் அச்சிறு மூலக்கூறைப் புரதத்துடன் மென்மையாகப் பிணைத்தனர். கடுமையான வேலையைப் புரதத்துக்கு வெளியே முடித்துவிடு என்னும் இந்த நெறி, இணைப்பு வேதியியல் முழுவதற்கும் பொருந்தும்.

இருபுறமும் பிணையும் இணைப்பான்களும் இதே காலத்தில் வளர்ந்தன. 1969-இல் ஸ்ட்ராட்டிஸ் அவ்ராமியஸ் குளூட்டரால்டிஹைடைக் கொண்டு நொதிகளை எதிர்ப்பொருளுடன் இணைத்தார். 1971-இல் ஸ்டாக்ஹோமில் ஏவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மனும் வெளியிட்ட எலைசா முறையும் அவ்விணைப்பையே பயன்படுத்தியது. ஆனால் இருமுனையும் ஒன்றாகவே இருக்கும் இணைப்பான் யாரை யாருடன் சேர்ப்பது என்று அறியாது. எதிர்ப்பொருளோடு எதிர்ப்பொருளையும் நொதியோடு நொதியையும் கோத்துப் பெருந்திரளாக்கிவிடும். எனவே ஒரு முனை அமீனையும் மறுமுனை தயோலையும் நாடும் வேற்றுமுனை இணைப்பான்கள் தேவைப்பட்டன. 1976-இல் கிடகவா, அய்கவா ஆகியோரின் மாலியிமைடு இணைப்பானும், 1978-இல் சுவீடனில் கார்ல்சன், ட்ரெவின், ஆக்சென் ஆகியோரின் டைசல்ஃபைடு இணைப்பானும் அவ்வகையின. சேர்க்கையில் ஒழுங்கும் திசையும் வந்தன.

வெறிநோய்ச் சோதனைக்கு மீண்டும் ஒருமுறை திரும்புவோம். ஒளிர்வு நுண்ணோக்கி விலை மிகுந்தது. மின்சாரமும் பராமரிப்பும் வேண்டுவது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தில் உருவான மாற்றுச் சோதனை, பயோட்டின் ஏற்றிய எதிர்ப்பொருளையும் பெராக்சிடேஸ் பிணைத்த ஸ்ட்ரெப்டாவிடினையும் கொண்டது. முடிவைச் சாதாரண நுண்ணோக்கியிலேயே பார்க்கலாம். 2006-இல் தான்சானியக் களத்தில் அது சோதிக்கப்பட்டு நம்பத்தக்கதென வெளியிடப்பட்டது. எதிர்ப்பொருள் தேடும் வைரஸ் அதுவே. அதன்மேல் கட்டிய அடையாளம் மாறியதும் சோதனையை நடத்தத்தக்க இடங்கள் பெருகின.

6. ஆய்வகத்திலிருந்து ஆப்பிரிக்காவுக்கு, புனே வழியாக

இணைப்பு வேதியியலை அறிந்தவர் யார் என்பது உயிர்ப்பிரச்சினை ஆவதற்குத் தடுப்பூசியே சான்று. பல நுண்ணுயிரிகளின் மேலுறை பாலிசாக்கரைடால் ஆனது. குழந்தைகளின் நோய் எதிர்ப்பு மண்டலம் அதனை நன்கு நினைவில் கொள்வதில்லை. 1931-இல் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வால்தர் கோயபலும் ஆஸ்வால்ட் ஏவரியும், லாண்ட்ஸ்டைனர் வழியில் வந்த டையசோ இணைப்பால் நிமோகாக்கஸ் பாலிசாக்கரைடைக் குதிரையின் சீரப் புரதத்துடன் பிணைத்து முயல்களில் எதிர்ப்பாற்றலைத் தூண்டினர். அக்கருத்தும் காத்திருந்தது. 1980-இல் ரேச்சல் ஷ்னீர்சனும் ஜான் ராபின்ஸும் அடிபிக் டைஹைட்ரசைடு என்னும் மென்மையான இணைப்பானையும் கார்போடைஇமைடையும் கொண்டு ஹிப் எனப்படும் நுண்ணுயிரியின் பாலிசாக்கரைடைப் புரதங்களுடன் இணைத்தனர். ஹிப் கூறு அடங்கிய ஐந்திணைத் தடுப்பூசி இந்தியாவின் பொதுத் திட்டத்தில் 2011 டிசம்பரில் முதலில் நுழைந்தது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்.

ஆப்பிரிக்காவின் மூளைக்காய்ச்சல் பட்டையில் 1996-97 ஆண்டுகளின் கொள்ளைநோய் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கி, சுமார் 25,000 பேரைக் கொன்றது. பொறுப்பு பெரும்பாலும் மெனிஞ்சோகாக்கஸ் ஏ வகையினது. 2001-இல் உலக சுகாதார நிறுவனமும் பாத் அமைப்பும் தொடங்கிய திட்டம், ஒரு தவணை அரை டாலருக்குள் கிடைக்கும் இணைப்புத் தடுப்பூசியை நாடியது. பாலிசாக்கரைடும் கிடைக்கக்கூடியது, டெட்டனஸ் டாக்சாய்டும் கிடைக்கக்கூடியது. இரண்டையும் மலிவாகவும் திறமையாகவும் இணைக்கும் முறையே அரிதாக இருந்தது. பெரு நிறுவனங்களுடன் உடன்பாடு அமையவில்லை.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வகத்தில் சே-ஹங் லீயும் கார்ல் ஃபிராஷும் ஒரு முறையை வகுத்திருந்தனர். பாலிசாக்கரைடைப் பெரயோடேட்டால் ஆக்சிஜனேற்றி ஆல்டிஹைடுத் தொகுதிகளைத் தோற்றுவிப்பது. டாக்சாய்டில் ஹைட்ரசைடுத் தொகுதிகளை ஏற்றுவது. இரண்டையும் கலந்து பின் ஒடுக்குவது. சாதாரண அமீனைவிட ஹைட்ரசைடு ஆல்டிஹைடை விரைந்து நாடுவதால் விளைச்சல் கூடியது. இம்முறை புனேயிலுள்ள சீரம் இன்ஸ்டிடியூட்டுக்குக் கற்பிக்கப்பட்டது. 2010 டிசம்பரில் புர்கினா ஃபாசோவில் தொடங்கிய தடுப்பூசி இயக்கம் பின்னர் 30 கோடிக்கும் மேற்பட்டோரைச் சென்றடைந்தது. ஏ வகை மூளைக்காய்ச்சல் அப்பட்டையில் ஏறத்தாழ மறைந்தது. ஆப்பிரிக்கக் குழந்தைகளைக் காத்த இக்கைமாற்றத்தின் மையத்தில் இருந்தது ஒரு புணர்ச்சி விதி.

7. செல்லுக்குள்ளே புணர்ச்சி

இதுவரை கண்ட இணைப்புகள் அனைத்தும் சோதனைக் குழாயில் நிகழ்ந்தவை. உயிருள்ள செல்லில் அமீனும் தயோலும் எங்கும் நிறைந்திருப்பதால், அவற்றை நாடும் இணைப்பான் கண்டவற்றிலெல்லாம் ஒட்டிக்கொள்ளும். 2000-இல் எலியானா சாக்சனும் கேரலின் பெர்டோசியும், உயிரில் இயல்பாக இல்லாத அசைடு தொகுதியைச் செல்லின் மேற்பரப்புச் சர்க்கரைகளில் புகுத்தி, 1919-இல் ஸ்டாடிங்கர் கண்ட வினையை மாற்றியமைத்து அதனுடன் மட்டும் இணைத்தனர். 2002-இல் மெல்டலும் ஷார்ப்லெஸும் தனித்தனியே காப்பர் ஊக்கிய அசைடு-அல்கைன் வினையைத் தந்தனர். காப்பர் செல்லுக்கு நஞ்சாதலால், 2004-இல் பெர்டோசி குழுவினர் இறுக்கமான வளைய அல்கைனைக் கொண்டு அதனைத் தவிர்த்தனர். இம்மூவருக்கும் 2022-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இணைத்தல் என்னும் செயலே, இணைத்துக் கண்ட முடிவிலிருந்து பிரிந்து, தனக்கெனப் பெயரும் சிறப்பும் பெற்ற தருணம் அது.

8. நமக்கு இதனால் என்ன?

இன்று இணைப்பான்கள் ஆயத்தத் தொகுப்பாகப் பெட்டியில் வருகின்றன. அது குறையன்று; எஃப்.ஐ.டி.சி. குப்பியில் வந்ததால்தான் ஒளிரும் எதிர்ப்பொருள் உலகை அடைந்தது என்பதே இப்பதிவின் வாதம். ஆனால் பெட்டியைத் திறப்பவர் உள்ளே நிகழும் புணர்ச்சியை அறியாவிட்டால், பிழை நேர்ந்தபோது எங்கே தேடுவது என்றே தெரியாது. டிரிஸ் தாங்கல் கரைசலில் உள்ள அமீன், புரதத்துக்கு முன்பே என்.எச்.எஸ். எஸ்டரைத் தின்றுவிடும். ஈரக்காற்று பட்ட குப்பியில் எஸ்டர் நீராற்பகுப்படைந்திருக்கும். ஆன்டிஜெனைப் பற்றும் இடத்திலேயே ஒரு லைசின் இருந்தால், அங்கே ஏறிய சாயம் எதிர்ப்பொருளின் பிடியைத் தளர்த்தும்; சாயம் மிகுந்தால் ஒளியே மங்கும். இவற்றை அறியாதவர் எதிர்ப்பொருள்மீது பழிசுமத்தி, புதிய குப்பி ஒன்றுக்கு மீண்டும் ஆய்வுநிதியைச் செலவிடுவார்.

அறிவியல் வரலாறு கற்பிப்போருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. 1942-ஐச் சொல்லும்போது 1958-ஐயும் சொல்லுங்கள். முதல் ஆண்டில் ஒருவர் பார்த்தார். இரண்டாம் ஆண்டுக்குப் பின்னரே மற்றவர்கள் பார்க்க முடிந்தது. கருத்து தோன்றிய ஆண்டை மட்டும் மனனம் செய்யும் மாணவர், அறிவியல் சில அரிய மனிதரின் மின்னல்களால் ஆனது என்று நம்பிவிடுவார். அணு ஒன்றை மாற்றி அதனைப் பொதுவுடைமையாக்கிய உழைப்பை அறிந்த மாணவரோ, அதே வகை உழைப்பில் தமக்கும் இடமுண்டு என்பதை உணர்வார். புனேயில் நிகழ்ந்தது அதுதான்.

உயிர்வேதியியல் நண்பர்கள், நீங்கள் கையாளும் இணைப்பான் எந்த வினையால் பிணைக்கிறது, யாருடைய பணியிலிருந்து வந்தது என்பதைக் கீழே எழுதினால் மகிழ்வேன். பெயரற்றவற்றின் பட்டியலை நாம் சேர்ந்தே நிரப்பலாம்.